மாலை போட்ட மகாராஜா

வெண்குளம் ராஜா சிவப்பிரகாச பூபதியிடம் பழைய அரண்மனையும் புதிய சினிமா ஆசையும் இருந்தன. இரண்டையும் கட்டி மேய்த்தவர் திவான் சபாபதி.

அங்கேதான் தாயாரம்மாள் வந்து மாட்டிக்கொண்டாள். எந்தக் கம்பெனியையும் அண்டாமல் சொந்தமாகப் படம் எடுப்பவள். அட்டையில் கட்டிய அவளுடைய அரண்மனை போன மழையில் கஞ்சியாகிவிட்டது. நிஜ அரண்மனை கிடைக்காவிட்டால் எடுத்த பாதிப் படமும் பெட்டியில் கிடந்து மக்க வேண்டியதுதான்.

"இடம் தருகிறேன்," என்றார் ராஜா. "ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் நான் இருக்க வேண்டும்."

"ஆகட்டும் மகாராஜா. என்ன வேஷம்?"

"வேஷமா! நான் என்ன கூத்தாடியா? நடிக்க மாட்டேன். இருப்பேன்."

திவான் மீசைக்குள் சிரித்தார். அரண்மனையைத் தன் மைத்துனர் கம்பெனிக்கு வாங்கித் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"இன்னொன்று, அம்மா. மகாராஜா மாலை இல்லாமல் பிறர் கண்ணில் படும் வழக்கமில்லை. எல்லாவற்றையும் அவர் நேரில் பார்த்து, தன் வாயால் உத்தரவு கொடுத்த பிறகுதான் காமிரா ஓடலாம்."

தாயாரம்மாள் நகத்தைக் கடித்தாள். பத்து விரலும் தீர்ந்தபோது யோசனை வந்தது.

மறுநாள் காலை தர்பார் மண்டபச் சுவரில் ராஜாவின் ஆளுயரப் புகைப்படம் தொங்கியது. அதற்கு ஒரு ரோஜா மாலை. வெளிச்சம் போதவில்லை என்று காமிராக்காரர் இருதயம் முனகியதால் கீழே ஒரு குத்துவிளக்கு. கொசுவுக்காக ஊதுபத்தி.

பூஜை முடித்து வந்த ராணி அதைப் பார்த்தாள்.

"ஐயோ, என் ராஜாவே! போயிட்டீங்களா!"

அரண்மனைப் பெண்கள் என்ன, ஏது என்று கேட்கவில்லை. கூடவே உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.

பாதிச் சவரத்தில், கன்னத்தில் சோப்பு நுரையோடு ராஜா ஓடிவந்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார்.

"நான் செத்தா போனேன்? யார் மாலை போட்டது?"

"திவான் சொன்ன வழக்கம், மகாராஜா," என்றாள் தாயாரம்மாள் பணிவாக. "மாலை இல்லாமல் தாங்கள் கண்ணில் படக் கூடாதாமே?"

"வழக்கமாவது மண்ணாவது! எடு! படத்தை எடு! உடனே எடு!"

தாயாரம்மாள் கைகூப்பினாள். பிறகு காமிராக்காரரிடம் திரும்பினாள்.

"காதில் விழுந்ததா, இருதயம்? உத்தரவாகிவிட்டது. உடனே படத்தை எடுக்க வேண்டுமாம்!"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு நுரை தெறிக்கச் சிரித்தார்.

"அரண்மனை உனக்கு, அம்மா. எந்தக் காட்சியிலும் நான் வேண்டாம். அந்த மாலையைத் திவான் கழுத்தில் போடு."

போட்டார்கள். அன்று முழுக்கத் திவான் சுவர்ப் பக்கமே நிற்கவில்லை.