முள்ளெலி தோண்டிய குழி

ஒரு காட்டில் எதற்கெடுத்தாலும் பயப்படும் முள்ளெலி ஒன்று இருந்தது. சருகு விழும் சத்தம் கேட்டால் போதும், பந்தாகச் சுருண்டுவிடும். குட்டிகள் பிறந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிப்போனது.

மழைக்காலம் நெருங்கியது. சின்ன விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வளை தோண்டிக் குடியேற நினைத்தன. இடம் பார்த்துச் சொல்ல நரி முன்வந்தது. மேட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, கீழே இருந்த பள்ளத்தை மற்றவர்களுக்குக் காட்டியது.

அவற்றோடு சேர்ந்துகொண்ட அவசரக்காரக் காட்டுப்பன்றி பள்ளத்தின் நடுவில் போய் நின்று, தரையை ஓங்கி உதைத்தது. "கல்லு மாதிரி இருக்கு! கண்ணை மூடிக்கிட்டுக் குடிவரலாம்."

"கோடையில எல்லா மண்ணும் கல்லுதான், அண்ணே," என்றது முள்ளெலி, குரல் எழும்பாமல். "அடியில என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

நரி சிரித்தது. "தன் நிழலைப் பார்த்தே சுருண்டுக்கிற ஆளு நீ. மண்ணைச் சோதிக்கப் போறியாக்கும்!"

எல்லா விலங்குகளும் சிரித்தன. முள்ளெலிக்கு உடம்பு நடுங்கியது. சுருளப் போனது. ஆனால் தண்ணீர் வந்தால் முள் என்ன செய்யும்? குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லையே!

நடுங்கிக்கொண்டே பள்ளத்தில் ஒரு குழி தோண்டியது. மேலே காய்ந்த மண். அதற்குக் கீழே காலில் ஒட்டும் களிமண். இன்னும் கீழே சில்லென்ற ஈரம். குழியை அப்படியே விட்டுவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்து பார்த்தால், குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றது. ஒரு நண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது.

"உன் குட்டிங்க ஒண்ணுக்குப் போயிருக்கும்!" என்று சொல்லி, நரி குழியைக் காலால் தள்ளி மூடியது. "இனிமே இங்க யாரும் தோண்டக் கூடாது."

முள்ளெலி நரியின் கண்ணெதிரிலேயே பக்கத்தில் இன்னொரு குழி தோண்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலும் தண்ணீர் கசிந்தது.

"கொஞ்சம் ஈரம். அதனால என்ன? படுத்தா குளுகுளுன்னு இருக்கும்," என்றது நரி.

"அவ்வளவு நல்லதா?" என்றது முள்ளெலி. "அப்போ மேட்டுல உங்க பிள்ளைங்க ஏன் வேகணும்? அவங்களை இங்க கொண்டுவந்து விடுங்கண்ணே. நாங்க மேட்டுக்குப் போய்க்கிறோம்."

"என்ன பேச்சு பேசுற? மழை பெய்ஞ்சா என் பிள்ளைங்க தண்ணியில முங்கிச் சாகவா?" என்று கத்திவிட்டது நரி.

காட்டுப்பன்றி குழிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. சேறு வழியும் முகத்தோடு நிமிர்ந்து, மேட்டை நோக்கி நடந்தது. மற்ற விலங்குகளும் பின்னாலேயே போயின.

நரி பல்லைக் காட்டிக்கொண்டு முள்ளெலியின் வழியை மறித்தது.

முள்ளெலி சுருளவில்லை. நின்றபடியே முட்களை விரித்தது. "கடிச்சுத்தான் பாருங்களேன்!"

நரி விலகிக்கொண்டது. முள்ளெலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மேட்டில் படுக்க வைத்தது. முதல் மழையிலேயே பள்ளம் குளமாகிவிட்டது. நண்டுகள் மட்டும் அங்கே குடியேறின.

நீதி: நடுங்கினாலும் பரவாயில்லை, உன் பிள்ளை படுக்கப்போகும் தரையைத் தோண்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே.