ஒப்புக்கு நின்ற உடும்பு

காட்டின் நடுவே வற்றிப்போன ஏரி ஒன்று இருந்தது. அந்த ஏரிக்குள்தான் குட்டி விலங்குகளின் பள்ளிக்கூடம் நடந்தது. மாலையில் மணி அடித்ததும் குட்டிகள் எல்லாம் ஏரி மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடும்.

மருதி என்ற உடும்புக் குட்டியும் அங்கே படித்தது. அதற்குப் பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே சூம்பியிருந்தது. நடந்தால் அந்தக் கால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே வரும்.

கபடிக்கு அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "வா மருதி, நீயும் நில்லு!" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வாயாலேயே எதிர்ப்பக்கம் பார்த்து, "டேய், இவ ஒப்புக்குச் சப்பாணி! தொட்டா அவுட் கிடையாது!" என்றும் சொல்லிவிடுவார்கள்.

அப்படியென்றால் ஆட்டத்தில் நிற்கலாம், கணக்கில் கிடையாது. மருதியைத் தொட யாரும் வருவதில்லை. மருதி யாரையாவது தொட்டால், சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் மணல் முழுக்கக் காலடித் தடங்களாக இருக்கும். மருதியின் தடம் மட்டும் ஒரே மூலையில், நின்ற இடத்திலேயே கிடக்கும்.

மற்ற குட்டிகள் உடம்பெல்லாம் புழுதியோடு வீட்டுக்குப் போகும். மருதியின் உடம்பில் ஒரு பொட்டு மண் இருக்காது. அதனால் போகிற வழியில், புதர் மறைவில், மருதி தனியாகப் புழுதியில் புரளும். பிறகு ஒரு மரவேரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "அவுட்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

புற்று வாசலில் அம்மா உடும்பு காத்து நிற்கும். "விழுந்தியாடி? அடிகிடி பட்டுச்சா? ஏன் இவ்வளவு நேரம்?"

"இல்லம்மா. நல்லா ஆடினேன்!"

அம்மா அந்தப் புழுதியை நம்பித் துடைத்துவிடும்.

ஒருநாள் மலைப் பள்ளியின் குட்டிகள் போட்டிக்கு வந்தன. பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். அன்று பார்த்து முயல் குட்டிக்குக் காய்ச்சல். ஏரிப் பள்ளியின் கேப்டன் நரிக் குட்டி சுற்றிலும் பார்த்தது.

"மருதி, நீ மூலையில நில்லு. ஒண்ணும் செய்ய வேணாம். நின்னா போதும்!"

குரங்குக் குட்டி நரியின் காதைக் கடித்தது. "இவ ஒப்புக்குன்னு அவங்ககிட்ட சொல்லணுமே?"

"சொல்லாதே! ஆறு பேர்தானான்னு சிரிப்பாங்க. அவ பக்கம் எவன் போகப்போறான்?"

ஆட்டம் சூடு பிடித்தது. இருபதுக்கு இருபது. கடைசியாக ஒரே ஒரு ரெய்டுதான் பாக்கி. மலைப் பள்ளியின் காட்டுப்பன்றிக் குட்டி "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டு நுழைந்தது. நேராக மூலைக்குத் திரும்பியது!

யாரோ ஒருவர் தன்னைத் தேடி ஓடிவருவது மருதிக்கு இதுவே முதல் தடவை.

பன்றியின் கால் மருதியின் முதுகில் பட்டது. நன்றாக வலித்தது. உடனே மருதி இரண்டு கைகளாலும் அந்தக் காலை வளைத்துப் பிடித்தது. பன்றி இழுத்தது. மருதி விடவில்லை.

"வாங்க! வந்து பிடிங்க!" என்று கத்தியது.

மற்ற ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அந்த மூலைக்கு ஓடிப்போய் அவர்களுக்குப் பழக்கமே இல்லை. பன்றி மருதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது.

"ஒரு பாயிண்ட்! மலைப் பள்ளிக்கு வெற்றி!" என்றது நடுவர் நாரை.

நரி குதித்து வந்தது. "செல்லாது! செல்லாது! அவ ஒப்புக்குச் சப்பாணி! அவளைத் தொட்டா கணக்கே இல்ல!"

"என்னடா கதை விடுறே?" என்றது பன்றி. "என் காலைப் பாரு, தோலே உரிஞ்சிருக்கு! இதுவா ஒப்புக்கு?"

நாரை குழம்பிப்போய்க் கழுத்தை வளைத்து மருதியிடம் கேட்டது. "நீயே சொல்லும்மா. நீ ஆட்டத்துல இருந்தியா, இல்லையா?"

நரி அருகில் வந்து முணுமுணுத்தது. "இல்லைன்னு சொல்லிடு மருதி! ஆட்டம் சமம் ஆயிடும். நாளைக்கு உனக்கு ஒரு கை ஈசல் தர்றேன்!"

மருதி திரும்பிப் பார்த்தது. மூலையிலிருந்து நடுக்கோடு வரை அதன் உடம்பு இழுபட்ட தடம் மணலில் நீளமாகக் கிடந்தது. அந்தக் களத்தில் அது இவ்வளவு தூரம் வந்ததே இல்லை.

"இருந்தேன்," என்றது மருதி. "நான் அவுட்."

மலைப் பள்ளிக் குட்டிகள் துள்ளிக் குதித்தன. ஏரிப் பள்ளியில் ஒருவரும் மருதியிடம் பேசவில்லை. அது தனியாக நடந்தது. புதர் வந்தது. இன்று புரள வேண்டிய வேலை இல்லை.

பின்னாலிருந்து நரி மூச்சிரைக்க ஓடிவந்தது. "உன்னாலதான் தோத்தோம்!"

"ஆமா."

"பன்றியைக் குளம்புகிட்ட பிடிச்சா வழுக்கும்னு தெரியாதா? முட்டிக்கு மேல பிடிக்க வேணாமா?"

"நான் கூப்பிட்டேன். நீங்க யாரும் வரல."

நரி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. கோபம் இன்னும் தீரவில்லை. "நாளைக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து சேரு! உன் பக்கத்துல நான் நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

புற்று வாசலில் அம்மா பதறிவிட்டது. "ஐயையோ! முதுகெல்லாம் சிராய்ப்பு! யாருடி உன்னை இப்படிப் பண்ணினது?"

"மலைப் பள்ளிப் பன்றிம்மா! அத்தனை பேரையும் விட்டுட்டு என்னைத்தான் துரத்திக்கிட்டு வந்தான்!"

அம்மா புழுதியைத் துடைக்கக் கை நீட்டியது. மருதி விலகிக்கொண்டது.

"இன்னிக்கு மட்டும் இருக்கட்டும்மா."

தோல்வியில்கூடப் பங்கு கொடுக்காமல் ஒருவரை ஓரமாக நிற்கவைப்பது அன்பு ஆகாது. தொட்டால் அவுட் என்று எண்ணுவதுதான் அவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது.