உள்ளே விட்ட இரண்டு விரல் துணி

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை மகுடவர்மன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். ஒருநாள் அவர் சபையில் இருந்தவர்கள்: மன்னர், மந்திரி நீலகண்டர், துறைமுகத் தலைவர் வல்லபராயர், விசிறி வீசுவோர் இருவர், வாயிற்காவலர் ஒருவர், தையற்காரர் சடையன். ஆக ஏழு பேர்.

வல்லபராயர் ஒரு பழைய அங்கியைப் புரட்டிக் காட்டினார்.

"பிரபு, தையலுக்கு உள்ளே பாருங்கள். நம் ஊர்த் தையற்காரர்கள் இரண்டு விரல் துணியை மடித்து ஒளித்திருக்கிறார்கள். எல்லாம் அரண்மனைப் பட்டு! இந்தத் திருட்டு வேண்டாம் என்றுதானே அரண்மனைத் தையலைக் கடல் கடந்த நாட்டாரிடம் கொடுத்தோம். இனி இவர்களுக்குத் தையற்காரர் தெரு என்று ஒன்று எதற்கு? காலி செய்து கிடங்கு கட்டலாம்."

சடையன் கைகூப்பினார். "அது திருட்டில்லை, மகாராஜா. நாங்கள் அப்படித்தான் தைப்போம். தெருவை எடுத்தால் எங்கே போவோம்?"

மந்திரி குறுக்கிட்டார். "மன்னரின் இன்றைய அளவுக்கு வல்லபராயர் கடல் கடந்து ஓர் அங்கி தைத்து வாங்கட்டும்; சடையன் இங்கே ஓர் அங்கி தைக்கட்டும். கப்பல் வந்ததும் மன்னர் போட்டுப் பார்க்கட்டும். பொருந்துகிறவருக்கே அரண்மனைத் தையல்."

மன்னர் சம்மதித்தார். மறுநாள் முதல் மந்திரி வீட்டிலிருந்து மன்னருக்குத் தினமும் நெய் அதிரசம் வந்தது.

ஆறு மாதம் கழித்துக் கப்பல் வந்தது. வல்லபராயர் மன்னருக்குப் போட்டுவிட்ட அங்கி பளபளத்தது. பொத்தானைத்தான் பூட்ட முடியவில்லை.

"மூச்சை உள்ளே இழுங்கள், பிரபு."

"இழுத்தேன். இனி விடலாமா?"

"ஐயோ, விடாதீர்கள்!"

மன்னர் விட்டார். பொத்தான் பறந்து வல்லபராயர் நெற்றியில் பட்டது.

"பிரித்துப் பெரிதாக்குங்கள்."

"உள்ளே துணி இல்லை, பிரபு. திருப்பி அனுப்பினால், காற்று ஒத்துழைத்தால், ஆறு மாதத்தில்…"

"அதுவரை நான் மூச்சே விடக்கூடாதா?"

சடையனின் அங்கியும் இறுக்கமாகத்தான் இருந்தது. வல்லபராயர் சிரித்தார். சடையன் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியில் பக்கத்துக்கு ஒரு விரல் வெளியே விட்டு, அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். பொத்தான்களை எல்லாம் எளிதாகப் பூட்ட முடிந்தது.

மன்னர் மந்திரியைப் பார்த்தார். "அதிரசம் இதற்குத்தானா?"

"ஒருநாள்கூட வேண்டாம் என்று மன்னர் சொல்லவில்லையே!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அரண்மனைத் தையல் முழுவதும் இனி நம் தெருவில்தான். வல்லபராயரே, திருட்டு என்று சொன்னவர் நீர்தான். அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வாரும்."

அவர் தலைகுனிந்து போனதும், மன்னர் சடையனை அருகில் அழைத்து மெதுவாகக் கேட்டார்: "உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம்?"

"ஒரு விரல், மகாராஜா."