பதினொரு மதிப்பெண்

சிஷ்யருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்தெட்டு.

பதினெட்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் பிரசவமும் பார்த்த டாக்டர் நல்லதம்பி, அடிபட்டு வரும் குழந்தைகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானே மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த அவசரப் பிரிவுக்கு வந்தவர். அங்கே தலைமை டாக்டர் மெகருன்னிசா.

வந்த நாலாவது மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல். மழையில் ஊறிய பள்ளிக்கூடச் சுவர் சரிந்ததில் அடிபட்ட இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். அன்று அறுவை டாக்டர் ஒருவர்தான், ஆபரேஷன் தியேட்டரும் ஒன்றுதான். மெகருன்னிசா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். யார் முதலில் உள்ளே போவது என்பதை நல்லதம்பிதான் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் தாளை எடுத்தார். எடை, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, காயம், எலும்பு. பன்னிரண்டிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆபத்து.

சிறுமி கண்ணைத் திறக்கவில்லை. மூன்று.

பையன் பெயர் நிதர்சன், ஏழு வயது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பதினொன்று. வயிற்றை ஸ்கேன் வைத்தும் பார்த்தார். தெளிவாக இருந்தது.

"சட்டை கிழிஞ்சதை அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா" என்று அவன் தன் அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சிறுமியைத் தியேட்டருக்கு அனுப்பினார். பையன் பக்கத்தில் ஒரு நர்ஸை நிறுத்திவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை தானே வந்து நாடி பார்த்தார். மூன்றாவது முறை நாடி விரலுக்கு அகப்படவில்லை. உள்ளே எங்கோ ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ரத்தம் ஏற்றினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். அறுவை டாக்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பேசிக்கிட்டுதானே சார் இருந்தான்?" என்றார் அப்பா. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார்.

சிறுமி பிழைத்தாள். அவள் அம்மா நல்லதம்பியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

மெகருன்னிசா திரும்பி வந்ததும் நல்லதம்பி பையனின் தாளை அவர் முன்னால் வைத்தார்.

"நான் எங்க தப்புப் பண்ணேன் மேடம்?"

அவர் படித்தார். பிறகு நிரப்பாத தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார்.

"உக்காருங்க சார். மறுபடி போடுங்க."

போட்டார். பதினொன்று.

இன்னொரு தாள் வந்தது.

"இப்போ, அவன் செத்துட்டான்னு தெரிஞ்சே போடுங்க."

பேனா ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று போனது. ரத்த அழுத்தத்தில் ஒன்றைக் குறைத்து எழுதினார். எழுதியதை அவரே அடித்தார். கூட்டினார். பதினொன்று.

"ஸ்கேனை நான் சரியாப் பாக்கலையோ என்னவோ?"

"பதிவை இப்போதான் பாத்துட்டு வந்தேன். அதுல ஒண்ணும் இல்ல."

"நாடி பாத்ததுல?"

"நர்ஸ் குறிச்சு வெச்சிருக்காங்க. சொன்ன நேரத்துக்குப் பாத்திருக்கீங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம். ஒரே ஒரு தப்பு. அடுத்து வர்ற பிள்ளைக்காவது…" மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மெகருன்னிசா தன் கைப்பையைத் திறந்தார். மடிப்புகளில் இற்றுப்போன ஒரு தாளை எடுத்து, கிழிந்துவிடாமல் மெல்ல விரித்தார். இதே கட்டங்கள். அவருடைய கையெழுத்து. மேலே ஒரு குழந்தையின் பெயர். தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது.

"இது நான் போட்டது சார். தப்பு எங்கேன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

நல்லதம்பி அந்தத் தாளையே பார்த்தார்.

"கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சிருந்தா அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன்."