கையில் மாட்டிய சிட்டம்

மடம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, ஓடு போட்ட மூன்று அறைதான். கோத்தகிரிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. அங்கே அம்மா இருக்கிறார். அடுப்படிக்கு நான் இருக்கிறேன். மனக்குறையோடு வருகிறவர்கள் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போவார்கள். அம்மாவிடம் உபதேசம் கிடைக்குமா என்று என்னைக் கேட்பார்கள். சோறு கிடைக்கும் என்று சொல்வேன்.

குளிர் ஆரம்பித்தால் எங்களுக்குக் குல்லாய் பின்னுகிற வேலை. ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்கு. ஊட்டியில் கடை வைத்திருக்கிற ஒருவர் உல்லன் நூலை இனாமாகத் தருவார். பந்தாக வராது, பெரிய வளையமாக முறுக்கி வரும். அதைச் சிட்டம் என்போம். சிட்டத்தை மடியில் போட்டு அப்படியே பின்ன உட்கார்ந்தால் சிக்கு விழுந்து உயிரை வாங்கிவிடும். முதலில் பந்தாகச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

அதற்கெல்லாம் மெஷின் இருக்கிறதாம். எங்களிடம் நாற்காலி இருக்கிறது. இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, சிட்டத்தை அதில் மாட்டி, நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே போவோம். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடுகிறது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் சென்னியப்பன் வந்தார். காரமடைக்காரர். பஞ்சாலையில், கோனில் நூல் சுற்றுகிற பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார்.

"மயிலாத்தா திரும்பி வருவாளாங்க?"

"யாரு மயிலாத்தா?"

"எம் பொண்டாட்டிங்க. கோபியில தங்கச்சி ஊட்டுக்குப் போனவ. நாலு நாள்ல வர்றேன்னு போனா. மழைக்கு முன்னால போனது. மழையும் முடிஞ்சு போச்சு."

"சண்டையா?"

"ஒரு வார்த்தை எடுத்தெறிஞ்சு பேசுனதில்லீங்க. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோயில், கடை, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் கூடவே போவனுங்க. பூட்டுன ஊட்டு முன்னால அவ ஒரு நாள் காத்து நின்னதில்லை. ஊட்டுக்கு ஒரே சாவி. அது எங்கிட்டத்தான் இருக்கும்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். சாவி கிணுகிணுத்தது.

"போன்ல பேசறீங்களா?"

"காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா கூப்பிடுவேன். இப்பெல்லாம் எடுக்க மாட்டேங்கறா. எடுக்காட்டி விடமாட்டேன், எடுக்கற வரைக்கும் கூப்பிடுவேன்."

அம்மா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அவ அண்ணன் காரெடுத்துட்டு இங்கயே வர்றாருங்க. பெரியவங்க நாலு பேரோட போய் உக்காந்து பேசி, கையோட கூட்டிட்டு வந்தரலாம்னு இருக்கறோம். அதுக்கு முன்னால உங்க வாயால ஒரு வார்த்தை. வருவாளாங்க?"

அம்மா மூலையில் குவிந்துகிடந்த சிட்டங்களைக் காட்டினார்.

"நூல் சுத்தத் தெரியுமா அண்ணா?"

வந்ததில் இருந்து அப்போதுதான் மனுஷர் சிரித்தார்.

"சோறு போட்டதே அதானுங்க."

சிட்டம் மாட்ட இரண்டு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என்ன வேகம், என்ன நேர்த்தி! கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் போனை எடுத்துக்கொண்டு மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடுவார். எங்களுக்கு அங்கேதான் டவர் கிடைக்கும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வருவார். வந்து இன்னும் இழுத்துச் சுற்றுவார்.

"கொஞ்சம் தளர்த்திச் சுத்துங்கண்ணா" என்றேன்.

"தளர்ந்த கோனை எங்க மில்லுல மூஞ்சிக்கு நேரா எறிவாங்க அம்மிணி."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்டுகொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் அத்தனையும் பந்தாகிவிட்டது. பார்க்க அழகுதான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். எடுத்து எறிந்தால் மண்டை உடையும்.

அம்மா அதில் ஒரு பந்தை எடுத்து ஒரு குல்லாய் பின்னினார். முடித்ததும் சென்னியப்பனைக் கூப்பிட்டு அவர் முஷ்டியில் மாட்டிப் பார்த்தார். பிறந்த குழந்தையின் தலைக்கு அந்த அளவுதான் எங்களுக்குக் கணக்கு. கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி அடுப்புப் பக்கம் காயப்போட்டார்.

காலையில் மறுபடி மாட்டச் சொன்னார். பாதி முஷ்டிக்கு மேல் ஏறவில்லை.

"நூல் சரியில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

அம்மா அலமாரியில் இருந்து இன்னொரு குல்லாயை எடுத்துக் கொடுத்தார்.

"இதுவும் அதே நூல்தான். அலசினதுதான். இவ சுத்தினது."

அது ஏறியது.

உல்லன் நூல் பருத்தி மாதிரி இல்லை. இழுத்தால் நீளும். இழுத்தே வைத்தால் நீண்டபடியே கிடக்கும், சாது மாதிரி. தண்ணீர் பட்டதும் தன் அளவுக்குப் போய்விடும். சுற்றும்போது பந்தின் மேல் இரண்டு விரலை வைத்து, விரலோடு சேர்த்துச் சுற்றி, விரலை உருவிக்கொள்ள வேண்டும். இதை நான்தான் அவருக்குச் சொன்னேன். அம்மா சொன்னது வேறு.

"குழந்தை அழும்."

சென்னியப்பன் இரண்டு குல்லாயையும் மாற்றி மாற்றி முஷ்டியில் மாட்டிப் பார்த்தார்.

"இப்ப எல்லாத்தையும் பிரிக்கணுமாங்க?"

"பிரிக்கணும்."

பிரித்தோம். முழங்கையில் சுற்றிச் சுற்றி மறுபடி சிட்டமாக்கி, நனைத்து, கொடியில் போட்டோம். அந்தக் குளிரில் உல்லன் காய்வதற்குள் பொறுமை போய்விடும். காய்ந்ததும் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"நாற்காலி வேண்டாம். உள்ளே வை" என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. கொண்டுபோய் சாமான் அறையில் வைத்தேன்.

"கையை நீட்டுங்க அண்ணா."

அவர் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா சிட்டத்தை அவர் கைகளில் மாட்டி, எதிரே உட்கார்ந்து நுனியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சென்னியப்பன் கையை விறைப்பாக விரித்துப் பிடித்தார். நூல் வராமல் மாட்டியது.

"இழுத்துப் பிடிக்காதீங்க. கீழே விழாம இருந்தாப் போதும்."

"எப்படிங்க?"

"நூல் வலது பக்கமா வந்தா வலது கையைச் சாய்ங்க. இடது பக்கமா வந்தா இடது கையைச் சாய்ங்க. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷங்க. கூப்பிடற நேரம்."

"இந்தச் சிட்டம் முடியட்டும்."

முடிந்தது. கையை இறக்குவதற்குள் அடுத்த சிட்டம் கைக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ராத்திரி அவரால் தோளைத் தூக்க முடியவில்லை. நான் தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன் பக்கத்தில் கிடக்க அப்படியே தூங்கிவிட்டார். மறுநாள் விடிந்ததும் போனோடு தொட்டிக்கு ஏறினார். கூப்பிடாமலே இறங்கி வந்தார்.

"டவர் இல்லையா அண்ணா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. இன்னிக்கும் எடுக்கலைன்னா தாங்காது அம்மிணி."

நேராகப் போய் அம்மா முன்னால் கையை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே ரோட்டில் ஹாரன் கேட்டது. மயிலாத்தாளின் அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்து வாசலில் நின்றார்.

"என்ன மாப்ளே, கிளம்பலையா? பெரியவங்க கார்ல உக்காந்திருக்காங்க."

சென்னியப்பன் கையில் பாதி சுற்றின சிட்டம். அம்மாவைப் பார்த்தார்.

"போறதுன்னா போங்க அண்ணா. இதைக் கழட்டிக் கீழே வெச்சிட்டுப் போங்க."

பாதியில் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? வாழ்க்கையெல்லாம் நூலில் கிடந்தவர். கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க மச்சான்" என்றார் கடைசியில். "இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அண்ணன்காரர் எங்கள் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். கார் போகிற சத்தம் வளைவில் அடங்குகிறவரைக்கும் சென்னியப்பன் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் அழுதார்.

"அவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாதுங்க. விட்டா போயிருவாளோன்னு பயம். கட்டிட்ட நாள்ல இருந்து அந்தப் பயம்தானுங்க."

கண்ணைத் துடைக்கக் கை இல்லை. அம்மாவும் துடைத்துவிடவில்லை. வலது பக்கமாக நூல் வந்தது. அவர் வலது கையைச் சாய்த்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்பிள்ளை பையோடு படியேறி வந்தாள். நரைத்த தலை, நீலக் கண்டாங்கிச் சேலை, மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள்.

சென்னியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைதான் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறதே.

"போனே காணோம். உடம்புக்கு முடியலையோன்னு ஒரே ரோசனை. அண்ணனைக் கேட்டா, மாப்ளே மடத்துல நூல் புடிச்சிட்டு உக்காந்திருக்காருங்குது. நான் நம்பல."

அவர் வாயைத் திறந்தார். யாரோடு வந்தே, எந்த பஸ்ஸில் வந்தே, ஏன் சொல்லாமல் வந்தே என்று கேட்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"டீ குடிக்கறயா?" என்றார்.

மயிலாத்தா பையைக் கீழே வைத்தாள்.

அம்மா எழுந்தார். "பால் பொங்குது" என்று சொல்லி, பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். பால் ஒன்றும் பொங்கவில்லை. புளிதான் கரைந்துகொண்டிருந்தது.

மயிலாத்தா அம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்து சுற்றினாள். அவர் கையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்கலீங்களா?"

"பழகிருச்சு."

"ஏன் கூப்பிடலை?"

"கை ஒழியல."

அவள் சிரித்துவிட்டாள். நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அவளே டம்ளரை அவர் வாயில் வைத்துக் குடிக்கவைத்தாள்.

"நான் மூணரை பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள்.

நான் கதவோரம் நின்றேன். இதோ இப்போது சிட்டத்தை வீசிவிட்டு எழுவார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வருகிறேன் என்பார்.

"சரி" என்றார் சென்னியப்பன்.

சாய்ந்த கை சாய்ந்தபடியே நின்றுவிட்டது எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பந்தை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"கோபிக்குப் போவல. காரமடையில எறங்கி ஊட்டை ஒரு எட்டுப் பார்க்கணும். செடியெல்லாம் என்ன கதியில கெடக்குதோ. சாவி எங்க?"

"பையில இருக்குது." அவர் குனிந்து சட்டைப்பையைப் பார்த்தார். "எனக்குக் கை இல்லை. நீயே எடுத்துக்க."

அவள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, என்னிடமும் சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

சாயங்காலம் மூடுபனி இறங்கியது. சென்னியப்பன் ஜன்னல் ஓரம் வைத்திருந்த போனைப் பார்ப்பதும் வேறு பக்கம் பார்ப்பதுமாக இருந்தார்.

"போய்ச் சேர்ந்துட்டாளான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தரட்டுங்களா?"

அம்மா அடுத்த சிட்டத்தைப் பிரித்து உதறினார்.

"கூப்பிட மாட்டா, பாருங்க. நான் கூப்பிட்டாத்தான் உண்டு. ஒரே ஒரு வார்த்தை."

அம்மா சிட்டத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

சென்னியப்பன் சட்டென்று எழுந்து சாமான் அறைக்குப் போனார். இரண்டு நாற்காலியோடு வந்தார்.

"மொதல்ல இதுலதான மாட்டிச் சுத்துனேன், இத்தனை நாள் உள்ள சும்மாவா கெடந்துச்சு? நாலு கெடக்குது. முதுகோட முதுகு போட்டு இதுலயே மாட்டிடலாமே. என் கையை எதுக்குங்க நீட்டச் சொன்னீங்க?"

"நாற்காலி யாருக்கும் போன் பண்ணப் போறதில்லையே அண்ணா" என்றார் அம்மா.

சென்னியப்பன் நாற்காலியைக் கீழே வைத்தார். அதில் ஒன்றில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார்.