மூன்றாவது குத்து

காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நிஜாமுதீன் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்துவந்தார். வயது முப்பத்தைந்துதான். இடது கண்ணில் பார்வை கிடையாது. ஒரு போட்டியில் வாங்கிய அடியில் போனது.

அவரிடம் பயின்ற பிரிசில்லா, மாவட்டப் போட்டியில் யமுனா என்ற பெண்ணோடு மோதி, இரண்டாவது ரவுண்டில், குத்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றியதுகூட அவளுக்கு நினைவில்லை. மூன்று மாதம் கழித்து, மறுபடி குத்துச்சண்டை போடலாம் என்று டாக்டர் சொன்னார். கொட்டகைக்குத் திரும்பி வந்தாள்.

ஆனால் இப்போது எதிரில் நிற்பவரின் தோள் லேசாக அசைந்தாலே அவள் கண்கள் மூடிக்கொண்டன. திறப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. எதிரில் வரப்போவது அதே யமுனா.

ஒரு மாலை மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவள் மாஸ்டரிடம் வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால்கூட உடம்பு சுருங்குகிறது என்றாள். சோறு இறங்கவில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"பயம் போனாத்தான் கண்ணு மூடாம இருக்கும். அது எப்படிப் போகும் மாஸ்டர்?"

அவர் அவளைக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ரிங்குக்குள் வரச் சொன்னார். அவரும் ஏறினார். தலைக்கவசம் போடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூணு குத்து. முகத்துல. என்னோட வலது பக்கம்."

வலது பக்கம்தான் பார்வை இருக்கிற கண்.

அவள் முடியாது என்றாள். பட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். அதையும் இழந்தால் முழுக்க இருட்டுதான் என்று கண் டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார் என்றார்.

"நீ கையை மெதுவா விட்டேன்னா நாளையிலேர்ந்து வராதே."

முதல் குத்து. அவர் தலையை நகர்த்தினார். அது காதோரமாகப் போனது.

இரண்டாவது குத்து. அவர் தாழ்ந்தார். முடியை உரசிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவள் அவரைச் சரியாகப் பார்த்தாள். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. கீழுதடு துடித்தது. இத்தனை வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு கண் மட்டும் அவள் கையை விட்டு நகரவில்லை.

"போதும் மாஸ்டர்."

"இன்னும் ஒண்ணு."

மூன்றாவது குத்திலிருந்து அவரால் முழுதாக விலக முடியவில்லை. கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பில் பட்டது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

வெளியே ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அவர் இன்னும் நிமிரவில்லை. அவள் கிளவுஸைக் கழற்றப் பல்லால் இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

அவர் மெல்லக் கையை எடுத்தார். கண் சிவந்து நீர் வழிந்தது. முதலில் அவளைப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டும் சரியாக இருந்தன.

அவள் ரிங்கிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு சொன்னாள்.

"நீங்க பயந்தீங்க."

"ரொம்ப."

"அப்புறம் எப்படிக் கண்ணு மூடல?"

"பயந்ததாலதான்."

அவளுக்குப் புரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு அவள் நிற்க, அவர் தடித்த கிளவுஸோடு தினமும் நூறு குத்து விட்டார். முதல் வாரம் பாதிக்கு மேல் பட்டது. ஒவ்வொரு நாளும் கொட்டகை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

போட்டியில் யமுனாவிடம் மறுபடி தோற்றாள். ஆனால் இந்த முறை புள்ளிக் கணக்கில். மூன்று ரவுண்டும் காலில் நின்றாள்.

முடிந்ததும் அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நிஜாமுதீன் அவள் கையில் சுற்றியிருந்த துணிப்பட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாக் குத்தும் வர்றது தெரிஞ்சுது மாஸ்டர். போன தடவை கண்ணை மூடியிருந்தப்போ இவ்வளவு பயம் இல்ல."

அவர் அடுத்த கையை நீட்டச் சொன்னார்.

"போன தடவை நீ அங்க இல்லையே" என்றார்.