நண்டு தூக்கிய விளக்கு

நண்டின் பேச்சு மனிதருக்கும் மனிதரின் பேச்சு நண்டுக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், நண்டு நம்மைப் போல நேராகத்தான் நடந்தது. கண்கள் முகத்தோடு ஒட்டியிருந்தன. கரையிலேயே பயந்த பிராணி அதுதான். தன் வளைக்குள் நுழையும் முன் நாலு தடவை எட்டிப் பார்க்கும். "உள்ளே மாமியார் உட்கார்ந்திருக்காளா?" என்று காகம் கேலி செய்யும். நண்டு அதற்கும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கரையின் மேட்டில் கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று நின்றது. அந்தி சாயும்போது உச்சியில் தீ மூட்டுவார்கள். கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டின் மேல், ஆள் உயரக் கல்தூண் ஒன்று உண்டு. அதன் மாடத்தில் பெண்கள் அகல் ஏற்றி வைப்பார்கள். கடலுக்குள் பாறைகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு வழி. திரும்பி வரும் கட்டுமரக்காரர்கள், மாடத்து அகல் கோபுரத் தீக்கு நேர் கீழே தெரியும்வரை விலகி விலகிப் பார்ப்பார்கள். நேராகத் தெரிந்தால் வழி முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். ஆண்களுக்கு இது தெரியும். பெண்களுக்கு அகல் ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். அது எதற்கு என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

கோபுரத்துத் தீயைக் காத்து வந்தவள் ஆவுடை. பெண்களில் அந்த வழியின் கணக்கு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆண்கள் எல்லாரும் ஆழ்கடலுக்குப் போயிருந்த சமயத்தில் அவள் காய்ச்சலில் செத்துப்போனாள். பெண்களே தூக்கிப் போய்ப் புதைத்தார்கள். ஆனால் மறுநாள் அந்தியிலும் உச்சியில் தீ எரிந்தது. வெள்ளைச் சீலை ஒன்று அங்கே அசைந்ததைப் பார்த்ததாகப் பலரும் சொன்னார்கள். அதன்பின் கோபுரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட ஆளில்லை.

வடிவு என்பவளுக்குத்தான் பயம் அதிகம். அவள் புருஷன் குமரப்பன் கடலில் இருந்தான். ஆவுடையின் ஆவி கட்டுமரத்தின் பின்னாலேயே போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். வாசலில் விளக்கு எரிந்தால் பேய் தாண்டாது என்று எல்லாருக்கும் தெரியும். எனவே கட்டுமரங்கள் திரும்பும் நாளன்று, மாடத்து அகலை எடுத்துப் போய்க் கோபுரத்தின் வாசற்படியில் ஏற்றி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் உச்சியிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. காகம் பறந்தது. நாய்கள் ஊருக்குள் ஓடின. நண்டும் வளைக்குள் பாய்ந்தது. ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. யாரோ தவிக்கும் குரல் அது. நண்டு எட்டிப் பார்த்தது, உள்ளே போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. கடைசியில் நடுங்கிக்கொண்டே வாசற்படிக்கு வந்து, என்ன வேண்டும் என்று கேட்டது.

"நண்டா?" என்றாள் மேலிருந்த ஆவுடை. "யாராச்சும் வந்தியளே, அது போதும். அகலை இங்க கொண்டாந்து வச்சிட்டாவ. இப்போ கடல்ல எங்கேயிருந்து பார்த்தாலும் இது தீக்கு நேர் கீழதான் தெரியும். எல்லாருக்கும் அவங்கவங்க இருக்கிற இடமே வழின்னு தோணும். பாறையிலதான் வந்து மோதுவாங்க. என்னால இந்தப் படியைத் தாண்ட முடியல, தீயை விட்டுட்டு வரவும் முடியாது."

ஊருக்குள் போய்ச் சொல்லட்டுமா என்று நண்டு கேட்டது. அதற்குள் கட்டுமரங்கள் வந்துவிடும் என்றாள் அவள். மாடம் தனக்கு எட்டாதே என்றது நண்டு.

"மாடம் வேண்டாம். திட்டுக்கு முன்னால ஈரமணல்ல நில்லு. உனக்கு முன்னால அலை வெடிக்காத இடம் தெரியும், அதுதான் வழி. பின்னால என் தீ. ரெண்டுக்கும் நடுவுல நீ நின்னாப் போதும்."

நண்டு அகலைக் கொடுக்கில் தூக்கியது. மண் அகல் சுட்டது. இருந்தாலும் விடவில்லை. ஈரமணலில் கடலைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு அலையும் அதன் காலுக்கடியிலிருந்து மணலை உருவி, அதை ஓரமாக இழுத்துப் போனது. திரும்பி நடந்தால் வழி கண்ணிலிருந்து தப்பிவிடும். அதனால் முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டிலேயே ஓடித் தன் இடத்துக்கு வந்தது. இன்னோர் அலை, இன்னோர் ஓட்டம். முன்னால் வழியையும் பின்னால் தீயையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும். பார்க்கப் பார்க்க அதன் கண்கள் முகத்தை விட்டு எழும்பின. காம்பு முளைத்ததுபோல உயர்ந்து நின்றன. இப்போது எல்லாப் பக்கமும் தெரிந்தது. அந்தப் பயந்த பிராணிக்கு, பாறைகள் எவ்வளவு கிட்டே இருக்கின்றன என்பதும் தெரிந்தது. அது நகரவில்லை.

கடலுக்குள்ளிருந்து குமரப்பனின் குரல் கேட்டது.

"லேய், விளக்கு இடப்பக்கம் விலகுது. நாம வழியில இல்லலே. இடக்கை பக்கமாத் திருப்பி வலி!"

துடுப்புகள் தண்ணீரை அறைந்தன. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, வெள்ளை நுரைக்கு நடுவே இருந்த கரிய நீரில் நுழைந்து கரை ஏறின.

அகல் தானாக நடக்கிறது, பேய்தான் தூக்கிக்கொண்டு அலைகிறது என்று அலறியபடி வடிவும் மற்றப் பெண்களும் ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் வடிவின் புருஷன் நனைந்து நிற்கிறான். அவன் காலடியில் நண்டு. யார் சொல்லி அங்கே நின்றது என்று கேட்டார்கள். நண்டு கண்ணால் கோபுரத்தைக் காட்டியது. குமரப்பன் பாறைகளைத் திரும்பிப் பார்த்தான். அகலை யார் இடம் மாற்றியது என்று கேட்டுவிட்டு, வடிவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, மாடத்து அகல் தீக்கு நேர் கீழே தெரிந்தால்தான் வழி என்று அவளுக்குச் சொன்னான்.

வடிவு முதல்முறையாக நிமிர்ந்து உச்சியைப் பார்த்தாள்.

"யக்கா, நாளைக்கும் மூட்டுவியா?"

"நீ அகலை அதுக்குரிய எடத்துல வையி," என்றது குரல். "மேல உள்ளத நான் பாத்துக்கிடுதேன்."

அந்த ஊரில் இன்றும் கோபுர வாசற்படியில் யாரும் விளக்கு வைப்பதில்லை. கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தியில் மணலில் இறங்கினால், நண்டுகள் பக்கவாட்டில் ஓடி, சட்டென்று நின்று, கண்களை உயர்த்தி முன்னும் பின்னும் பார்ப்பதைக் காணலாம். நம்மைக் கண்டு பயப்படுகின்றன என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், கடலிலிருந்து யாரோ இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று அவை காவல் நிற்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.